பள்ளம் மூடிய செலவு, உரிமையாளர் பேரில்

போன மாதம் ஒரு மதியம், முன்பின் தெரியாத ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். செங்கல்பட்டு பக்கம் ஒரு பேரூராட்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் துப்புரவு ஆய்வாளராம். பாழடைந்த கட்டடங்களுக்கு நான் எழுதிவைத்த நோட்டீஸ் மாதிரிதான் இன்னமும் அவர்கள் ஆபீசில் ஓடுகிறதாம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். இடத்தைப் படம் பிடித்து ஏற்றினால் நோட்டீஸ் தானே போகிறது. உரிமையாளர் சுத்தம் செய்யாவிட்டால் பேரூராட்சி செய்துவிட்டு, செலவைச் சொத்துவரியோடு சேர்த்துவிடுகிறது. அவள் கேட்டது இதுதான்: "கம்ப்யூட்டர் இல்லாம, பெரிய ஆளுங்ககிட்ட இருந்து எப்படி மேடம் வசூல் பண்ணீங்க?"

"ஒரே ஒரு ஆளுகிட்டதாம்மா பண்ணேன். அதுக்கே ஏழு வருஷம் ஆச்சு" என்றேன். அவள் சாப்பாட்டு நேரம் முழுவதும் பேசினேன். போனை வைத்த பிறகு பார்த்தால் பாதியைச் சொல்லவே இல்லை. மீதியையும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

என் பெயர் எஸ்தர். அப்பாவும் அம்மாவும் செங்கல்பட்டுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். சர்ச் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்து, துப்புரவு ஆய்வாளர் பயிற்சிக்கு ஒரு வருஷம் போனேன். கொசுப் புழுவை எப்படி எண்ணுவது, கிணற்றுக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர், சட்டத்தில் எந்தப் பிரிவு என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். முதல் முப்பது வருஷம் நான் எழுதிய நோட்டீஸ்களுக்குக் கணக்கே இல்லை. எல்லாவற்றின் அடியிலும் ஒரே வரி அச்சாகியிருக்கும்: தவறினால் நிர்வாகமே பணியைச் செய்து, செலவுத் தொகை தங்களிடமிருந்து வசூலிக்கப்படும். முப்பது வருஷத்தில் அந்த வரி ஒரு தடவைகூட நடந்து நான் பார்த்ததில்லை. வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இருந்த பேரூராட்சிக்கு நான் மாற்றலாகிப் போனபோது, அங்கே தணிகாசலம் என்பவர் செயல் அலுவலராக இருந்தார். ஒல்லியான உடம்பு. மெதுவான பேச்சு. குப்பை அள்ளுகிறவர்களையும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். நான் எழுதிக் கொடுத்த முதல் ஆய்வறிக்கையைப் பச்சை மையில் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். 'மிகவும் மோசமான நிலையில் உள்ள சுவர்' என்று எழுதியிருந்தேன். 'மிகவும் மோசமான' அடிபட்டிருந்தது.

"எத்தன அடி உயரம்மா அந்தச் சுவரு?"

"பார்க்கல சார்."

"எவ்வளவு சாய்ஞ்சிருக்கு?"

"நல்லாவே சாய்ஞ்சிருக்கு சார்."

"நல்லாவேன்னா எத்தன அங்குலம்? போய் அளந்துட்டு வாங்க. நமக்கு மோசமாத் தெரியறது ஓனருக்கு மோசமாத் தெரியாது. ஏழு அங்குலம்னா எல்லாருக்கும் ஏழு அங்குலம்தான்."

எரிச்சலாகத்தான் இருந்தது. கொத்தனார் ஒருவரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கிப் போய் அளந்தேன். அன்றிலிருந்து ஒரு டேப்பும் தூக்குக்குண்டும் என் கைப்பைக்குள் இருந்தன. பெரிதாகச் சொல்வதாக இருந்தால், என் உத்தியோகம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, அஞ்சலை என்ற மீன்காரப் பெண் ஆபீசுக்குள் நேராக வந்தாள். எங்கள் எல்லைக்குள் இருந்த குப்பத்துக்காரி. புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்பாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். அதைச் செயல் அலுவலர் மேஜையில் ஃபைல்கள் மேல் டொக்கென்று வைத்தாள்.

"சார், இத்த கொஞ்சம் பாரு. மீன் குஞ்சான்னு சொல்லு. நா மீன் விக்கிறவ, எனக்குத் தெரியாத மீனா கீது."

பாட்டிலில் கொசுப் புழுக்கள் வளைந்து வளைந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"எங்கம்மா புடிச்சீங்க?" என்று தணிகாசலம் சார் கேட்டார்.

"எங்க புடிப்பேன்? அந்த ஓட்டல் பள்ளத்துலதான். எம் பொண்ணு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரில ஜுரத்துல பட்த்துகினு கீது. எதுத்த வூட்டு புள்ளைக்கும் ஜுரம். பக்கத்து வூட்ல ரெண்டு பேருக்கு. நீங்க இன்னாடான்னா எங்க வூட்டு கொடத்த கவுத்துட்டு போறீங்க. அங்க ஒரு ஏரியே நிக்குது."

அவள் சொன்னது முழு உண்மை. டெங்கு என்றால் நாங்கள் குப்பத்துக்குள் போய்க் குடங்களைக் கவிழ்ப்போம், டயர்களைப் பொறுக்குவோம். கடற்கரைச் சாலையை ஒட்டி, குப்பத்துக்கு நேர் பின்னால், பாதியில் நின்றுபோன ஒரு ஓட்டல் கட்டடம் இருந்தது. நாலு மாடித் தூண்கள், துருப்பிடித்த கம்பிகள். முன்பக்கம் கார் நிறுத்துவதற்காகத் தோண்டிய பெரிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். டெங்கு கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சுற்றுச்சுவர் குப்பத்துப் பாதைமேல் சாய்ந்து நின்றது.

தணிகாசலம் சார் அன்றே வந்தார். செருப்போடு சேற்றில் இறங்கி அந்த இடத்தை முழுசாக ஒரு சுற்று நடந்தார். பிறகு சொன்னார், "கண்ணால பார்த்தத மட்டும் எழுதுங்க." நான் எழுதினேன். பள்ளம் இத்தனை அடி நீளம், இத்தனை அகலம், தண்ணீர் ஆறடி ஆழம். சுவர் எட்டடி உயரம், பாதைப் பக்கம் ஒன்பது அங்குலச் சாய்வு. அதை ஒட்டி நடக்கிறவர்கள் யார், எந்த நேரத்தில் என்பதுவரை. அவர் ஒரு சொல்லைக்கூட அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது உரிமையாளர் யார் என்ற கேள்வி. எங்கள் வரிப் பதிவேட்டில் இருந்தவர் அந்த இடத்தை எப்போதோ விற்றுவிட்டார். சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கச் சான்றுக்கு எழுதிப்போட்டு வாங்கினோம். சென்னையில் ஒருவர் பெயர் வந்தது. நடேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தபால் 'வாங்க மறுப்பு' என்று திரும்பி வந்தது. நானே ரயில் ஏறிப் போனேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர், எதிர்வீட்டுக்காரர் இருவரையும் சாட்சியாக வைத்துக் கேட்டில் நோட்டீஸை ஒட்டினேன். ஒட்டியதைப் படம் எடுத்து, சாட்சிகளிடம் கையெழுத்தும் வாங்கினேன். வாட்ச்மேன் பாவமாகப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கும்மா? அவரு எவ்ளோ பெரிய ஆளு தெரியுமா?" என்றார். "பெரிய ஆளுக்கும் பசை ஒட்டுதாண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கெடு முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது நோட்டீஸ். அதுவும் முடிந்தது. அதற்குள் அஞ்சலையின் பெண் பிழைத்து வீடு திரும்பியிருந்தாள். ஆனால் குப்பத்தில் புதிதாக மூன்று பேர் படுத்தார்கள்.

ஒரு மாலை செயல் அலுவலர் என்னையும் எங்கள் கணக்கரையும் கூப்பிட்டார். "நாமே செஞ்சுட்டு பில் அனுப்பப் போறோம்" என்றார். கணக்கர் குறுக்கே பேசினார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அந்தாளு கட்டலைன்னா ஆடிட்ல தடை போட்டுடுவாங்க. பரிந்துரை பண்ண மேடம் பேர்லயும் உங்க பேர்லயும் நிக்கும். ரிட்டயர் ஆவும்போது உங்க பணத்துலதான் புடிப்பாங்க."

தணிகாசலம் சார் என்னைப் பார்த்தார். "அவர் சொல்றது சரிம்மா. உங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க. யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க எழுதாட்டி நானே பரிந்துரையும் எழுதி நானே கையெழுத்துப் போட்டுக்கறேன்."

யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அளந்தது நான், புழுவை எண்ணியது நான், கேட்டில் ஒட்டியது நான். வேறொருவர் பெயரில் அந்தக் காகிதம் போவதை என் மனசு ஒப்பவில்லை. அங்கேயே எழுதிக் கொடுத்தேன்.

மன்றத் தீர்மானமும் ஒப்பந்தமும் ஆன பிறகு, ஒரு திங்கட்கிழமை விடிந்ததும் ஜே.சி.பி.யும் இரண்டு டீசல் மோட்டாரும் வந்தன. சுவரை ஒட்டிய பாதையை இரு பக்கமும் கயிறு கட்டி அடைக்கச் சொல்லியிருந்தார் செயல் அலுவலர். மார்க்கெட்டுக்குக் கிளம்பிய பெண்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூடையோடு நின்று முணுமுணுத்தார்கள். அஞ்சலை ஜே.சி.பி. டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்: "அண்ணாத்த, சீக்கிரம் தள்ளு! மீனு நாறிப் பூடும், ஒரே பேஜாரா கீது."

டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். மோட்டார் ஓட ஆரம்பித்துத் தரை அதிர்ந்தது. அவ்வளவுதான். ஜே.சி.பி.யின் கை படுவதற்கு முன்பே சுவரின் நடுப்பகுதி, இருபதடி இருக்கும், அப்படியே பாதைமேல் சாய்ந்து விழுந்தது. தூசி அடங்க நேரம் பிடித்தது. அஞ்சலை கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"தெனிக்கும் இந்நேரத்துக்கு இது கீழதாம்மா போய்க்கினு இருந்தேன்" என்றாள்.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காசு வந்தாலும் வராவிட்டாலும் கவலையில்லை என்று அந்த நிமிஷத்தில் நினைத்தேன்.

மறுநாள் காலைதான் புதுச் சிக்கல் தெரிந்தது. முந்தின நாள் முழுக்க இறைத்த பள்ளத்தில் மறுபடி முழங்கால் அளவு தண்ணீர். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அடியில் ஊற்று வருகிறது. இறைத்துப் பிரயோஜனமில்லை, மண் கொட்டி மூடினால்தான் தீரும். ஒப்பந்தக்காரர் இப்போதே லாரி கொண்டுவரத் தயார். எனக்கும் அவசரம். செயல் அலுவலர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நோட்டீஸ்ல என்ன போட்டிருக்கோம்?"

"தண்ணிய இறைக்கணும், சுவரை அகற்றணும்னு சார்."

"மூடணும்னு போட்டமா? போடலை. அப்ப மூடற செலவ அவர் ஏன் குடுக்கணும்? துணை நோட்டீஸ் ஒண்ணு எழுதுங்க. மூணு நாள் டைம். அதுவரைக்கும் மோட்டார் ஓடட்டும்."

மூன்று நாள்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். கையெழுத்தை வாங்கிக்கொண்டு பள்ளத்துக்குத் திரும்பினேன். அவர் ஆட்சியர் ஆபீஸ் கூட்டத்துக்குச் செங்கல்பட்டு கிளம்பிப் போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. நடேசனின் மேனேஜர். மோட்டார்க்காரரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் திரும்பினார்.

"யாருங்க நீங்க? பிரைவேட் பிராப்பர்ட்டில இன்னா வேலை உங்களுக்கு? நிறுத்துங்க மொதல்ல!"

"துப்புரவு ஆய்வாளர் சார். கோர்ட்டு தடை உத்தரவு ஏதாவது இருக்கா? இருந்தா குடுங்க, இப்பவே நிறுத்திடறேன்."

"நாளைக்கு வரும்."

"அப்ப நாளைக்கு நிறுத்தறேன் சார். இப்போதைக்கு இத வாங்கிக்குங்க. பள்ளத்த நீங்களே மூடணும், இல்லாட்டி நாங்க மூடிட்டு செலவக் கேப்போம்னு நோட்டீஸ்."

"இதெல்லாம் நான் வாங்க மாட்டேன்."

"வாங்கலைன்னாலும் பரவாயில்ல சார், அந்தத் தூண்ல ஒட்டிடுவேன். ஆனா உங்களுக்கு ஆட்சேபம் இருந்தா அதுலயே எழுதலாம். எழுதாட்டி ஆட்சேபமே இல்லன்னு ஆயிடும்."

கயிற்றுக்குப் பின்னால் குப்பத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ரோஷத்தோடு பேனாவை உருவினார். என் நகலின்மேல் கொட்டை எழுத்தில் 'எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். நான் நன்றி சொல்லி அதை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டேன். தடை உத்தரவு மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. நான்காம் நாள் லாரிகள் வந்தன. அடுத்த வாரக்கடைசிக்குள் அந்தப் பள்ளம் தரையோடு தரையாகிவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் குப்பத்தில் காய்ச்சலும் நின்றது.

பில் தயாரிக்க மேலும் பத்து நாள் ஆனது. மோட்டார் எத்தனை மணி நேரம், டீசல் எத்தனை லிட்டர், மண் எத்தனை லாரி, ஆள்கூலி, ஜே.சி.பி. வாடகை. ஒவ்வொன்றுக்கும் ரசீது, ஒவ்வொன்றும் அளவுப் புத்தகத்தில். வேலைக்காரர்களுக்கு வாங்கிக் கொடுத்த டீச் செலவையும் எழுதியிருந்தேன். "டீ நாம குடுத்தது, அவர்கிட்ட கேக்கக் கூடாது" என்று செயல் அலுவலர் அடித்துவிட்டார். மொத்தம் மூன்று லட்சத்து எழுபதாயிரத்துச் சொச்சம். பில் போனது. பதில் இல்லை.

ஆறு மாதத்தில் தணிகாசலம் சாருக்கு மாற்றல் வந்தது. போவதற்குமுன் சார்பதிவாளருக்கு ஒரு கடிதம் அனுப்பி, அந்தச் சொத்தின்மேல் எங்கள் பாக்கி இருப்பதைப் பதியவைத்தார். "ஏப்ரல்ல ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணு. பணத்தக் கேட்டு நோட்டீஸ் தவறாமப் போகணும். ஒரு தடவ விட்டாலும் அதைத்தான் பிடிப்பாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கணக்கர் பயந்தபடியே அடுத்த ஆடிட்டில் தடை விழுந்தது, எங்கள் இருவர் பேரிலும். பிறகு எனக்கும் மாற்றல், அதற்கப்புறம் இன்னொன்று. எங்கே இருந்தாலும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஒரு நாள் லீவு போட்டு, பஸ் ஏறி அந்தப் பேரூராட்சிக்குப் போவேன். என் இடத்தில் இருந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டீஸ் எழுதவைத்து, தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்புவேன். "மேடத்துக்கு நேர்த்திக்கடன்" என்று கிண்டல் செய்தார்கள். தணிகாசலம் சார் ஓய்வுபெற்றபோது அவருடைய பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தார்கள். அது தெரிந்த அன்றைக்குத்தான் நான் நிஜமாகவே உடைந்தேன். போன் செய்து அழுதேன். "அழாதீங்கம்மா, அக்டோபர் நோட்டீஸ் போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

ஏழாவது வருஷம். எனக்கு ஓய்வுபெற ஐந்து மாதம் இருந்தது. கடைசியாக அதே பேரூராட்சிக்கே கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். ஒரு நாள் அந்த மேனேஜர் வந்தார், தலை நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஒரு நிலுவையில்லாச் சான்று வேணும் மேடம். இடத்த விக்கறோம். வாங்கறவங்க பேங்க் வக்கீல் கேக்கறாரு."

"நிலுவை இருக்கே சார்."

பாதித் தொகை கட்டுவதாகச் சொன்னார். மேலே இருந்து ஒருவர் போனில் என்னிடம் பேசினார். நான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "முழுத் தொகை, வட்டியோட சார். அத உங்க கடிதமா அனுப்புங்க, பதில் எழுதறேன்" என்றேன். கடிதம் வரவில்லை. மூன்றாம் நாள் நடேசனே வந்தார், வக்கீலோடு. அந்த மனிதரை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். வெள்ளைச் சட்டை, அமைதியான முகம். சத்தம் போடவில்லை. "ஃபைலைப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

எடுத்து வைத்தேன். வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அளவு, படம், வாங்க மறுத்த தபால் உறை, கேட்டில் ஒட்டியதற்கான சாட்சிக் கையெழுத்து. ஒன்றரை மணி நேரம். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று அவர் நிமிர்ந்தார்.

"மேடம், நீங்க நோட்டீஸ் குடுத்தது தண்ணிய இறைக்கறதுக்கு. பில்லுல முக்கால்வாசி மண்ணு கொட்டினதுக்கு. அதுக்கு எங்க கட்சிக்காரருக்குத் தகவலே இல்ல. அது சட்டப்படி செல்லாது."

"அடுத்த பக்கம் திருப்புங்க சார்" என்றேன்.

திருப்பினார். கொட்டை எழுத்தில், எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன். கையெழுத்து. தேதி. வக்கீல் அதைப் படித்துவிட்டு நடேசன் பக்கம் நகர்த்தினார். நடேசன் படித்துவிட்டுப் பின்னால் நின்ற மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"உன் கையெழுத்துதான?" என்றார் நடேசன்.

"ஆமா சார்."

நடேசன் ஃபைலை மூடினார். "டிராஃப்ட் யார் பேர்ல எடுக்கணும்?" என்று கேட்டார்.

மறுநாள் காலை பதினொன்றே காலுக்குப் பணம் கட்டினார்கள். முழுசாக, ஏழு வருஷ வட்டியோடு. ரசீதை நானே எழுதினேன். தடை நீக்கச் சொல்லித் தணிக்கைக்குக் கடிதம் அடித்த பிறகுதான் தணிகாசலம் சாருக்குப் போன் செய்தேன்.

"முழுசாவா?"

"வட்டியோட சார். உங்க பணத்தையும் விடுவிச்சுடுவாங்க."

"ரசீது நகல ஃபைல்ல கட்டிட்டீங்களா?"

"கட்டிட்டேன் சார்."

பிறகு அவர் சிரித்தார். அவரோடு வேலை செய்த காலம் முழுக்க நான் கேட்டிராத வாய்விட்ட சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். கணக்கரின் இடத்தில் இருந்த புதுப் பையன் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்தான்.

சாயங்காலம் புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அஞ்சலை எழுந்து நின்றுவிட்டாள்.

"டப்பு பூராவும் குட்த்துட்டானா?"

"வட்டியும் சேர்த்து."

"ஏய், கேட்டீங்களாடி! எஸ்தரம்மா அந்த ஓட்டல்காரன்கிட்ட மொத்தத்தையும் வாங்கிட்சுடி!" என்று வரிசை முழுவதற்கும் கேட்கக் கூவினாள். ஒரு வஞ்சிரத்தை எடுத்து என் பையில் திணித்தாள். காசு வாங்க மறுத்துச் சண்டை போட்டாள். கடைசியில் வாங்கவைத்தேன், பாதி விலையைத்தான் எடுத்துக்கொண்டாள்.

ஓய்வுபெறுவதற்கு இரண்டு வாரம் முன்பு, சதுரங்கப்பட்டினத்துக்கு ஒரு வேலையாகப் போய்விட்டுக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரே, எங்கள் எல்லைக்குள், பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு பங்களா. அதன் நீச்சல் குளத்துக்கு அடுத்த வாரம் நோட்டீஸ் எழுதவேண்டும் என்று என் பட்டியலில் இருந்தது. கேட் திறந்திருந்தது. உள்ளே மோட்டார் ஓடும் சத்தம். வாட்ச்மேன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பச்சைத் தண்ணீரைக் குழாய் வழியாக வெளியே விட்டுக்கொண்டிருந்தார்.

"நோட்டீஸ் ஏதாவது வந்துச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"நோட்டீஸா? அதெல்லாம் ஒண்ணியும் வரலம்மா" என்றார் அவர், குழாயை இழுத்தபடி. "ஓனரு துபாய்ல இருந்து போன் பண்ணாரு. 'இன்னிக்கே எறச்சுடு. அந்த ஊர்ல ஒரு பொம்பள ஆபீசர் கீது, வந்து அளந்துச்சுன்னா தீந்தேன்'னாரு."